தம்பி உட்கார்ந்த மடிகள்

நனைந்த கம்பளிக்கு ஒரு வாடை உண்டு. நனைந்த நாயும், நனைந்த குடையும், சூடேறிய ரப்பரும் அதோடு சேர்ந்துகொண்டால் அதுதான் எனக்கு ஜெர்மனி. ஆகன் என்ற அந்த நகரத்தில் எப்போது பார்த்தாலும் மழை தூறிக்கொண்டிருக்கும். டிராம் கிடையாது, ஊருக்குள் எங்கே போவதென்றாலும் பேருந்துதான். நிறுத்தத்தில் வந்து நின்றதும் அது ‘புஸ்’ஸென்று மூச்சுவிட்டு, நாம் ஏறுவதற்கு வசதியாக நம் பக்கம் சாய்ந்து தாழும். முதல் தடவை அதைப் பார்த்த என் அம்மா, “டயர் பஞ்சராயிருச்சு, ஏறாதீக!” என்று அப்பாவின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். சிரித்துக்கொண்டே ஏறிய அந்தப் பேருந்துதான் பிறகு நான் ஏறவே பயப்படும் இடமாக ஆனது.

அப்பாவுக்கு அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருட வேலை. காரைக்குடியிலிருந்து எங்களையும் அழைத்துக்கொண்டு போனார். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு இரண்டு. பள்ளியில் சேர்ந்த சில மாதங்களிலேயே எனக்கு ஜெர்மன் வந்துவிட்டது. அம்மாவுக்குக் கடைசிவரை அது பிடிபடவே இல்லை. ஊரில் கத்தரிக்காய்க்காரரோடு கால்மணி நேரம் வாயாடிவிட்டு வருகிறவள், அங்கே மூன்றாவது மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற குடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பேச ஆளில்லாம வாயே நாறிப் போச்சு” என்று அப்பாவிடம் சொல்லி அழுததை நான் பார்த்திருக்கிறேன். நான் பள்ளி விட்டு வந்த பிறகு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பேச்சுத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பேருந்தில் கடைவீதிக்குப் போய்வருவதுதான் அவளுக்கு இருந்த ஒரே வெளியுலகம்.

எங்கள் ஊர்ப் பேருந்தில் ஏறியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் நிற்கிறவரின் பையும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறவரின் மடிக்குத்தான் போகும். கேட்பதும் கிடையாது, நன்றி சொல்வதும் கிடையாது. தேவகோட்டைக்கும் சிவகங்கைக்கும் நான் எத்தனையோ முன்பின் தெரியாத மடிகளில் உட்கார்ந்து, எச்சில் ஒழுகத் தூங்கிப் போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை அம்மா விமானத்திலும் கூடவே கொண்டுவந்திருந்தாள்.

முதல் நாள் அகப்பட்டவர் ஒரு மூக்குக்கண்ணாடி அம்மாள். பேருந்தில் நிற்க இடமில்லை. தம்பிக்குப் போட்டிருந்த குளிருடுப்பு தலையணை போல உப்பி, அம்மாவின் இடுப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அம்மா நல்ல தமிழில், “கொஞ்சம் பிடிச்சுக்குங்க” என்று சொல்லித் தம்பியை அவர் மடியில் இறக்கிவிட்டு, நிம்மதியாக மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார். பிள்ளையைத் தொடவுமில்லை, தள்ளவுமில்லை. அந்த ஊர்க்காரர்கள் யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஜன்னல் கண்ணாடியில் தெரிகிற நிழலில்தான் பார்ப்பார்கள். எல்லாக் கண்ணாடிகளிலும் நாங்கள் தெரிந்தோம். அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: இந்தக் குழந்தையை நான் கேட்கவில்லை, எடுத்துக்கொள்ளச் சொல்.

“என்னத்தா சொல்றாக?” என்றாள் அம்மா.

எனக்குக் காது மடல் எரிந்தது. உள்ளதைச் சொன்னால் அவள் மறுபடி பேருந்தில் ஏறமாட்டாள், ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவாள் என்று தெரியும். “தம்பி அழகா இருக்கானாம்” என்றேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று பொய் சொல்லி அவனை நானே வாங்கிக்கொண்டேன். மீதித் தூரத்தை மழையில் நடந்தோம். வழியெல்லாம் அம்மாவுக்குச் சிரிப்பு. வீட்டுக்கு வந்ததும் கண்ணேறு கழியத் தம்பிக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள். மின்னடுப்பில் கருகிய மிளகாய்க்குக் கூரையிலிருந்த புகைமணி அலற, கீழ்வீட்டுக்காரர் செருப்பில்லாமல் மாடியேறி ஓடிவந்தார்.

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. பிள்ளையைப் பார்த்து ஊரே மயங்குகிறது என்று அம்மா நம்பிவிட்டாள். கிளம்பும்போது அவனுக்குப் பவுடர் போட்டு, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, ஏறியதும் தோதான மடியாகத் தேடுவாள். சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் எழுந்து இடம் மாறினார்கள். ஒரே ஒரு கிழவர் தம்பியின் தொப்பியைச் சரிசெய்து, எவ்வளவு அழகான பையன் என்று உண்மையாகவே சொன்னார். மற்ற நாளெல்லாம் அதை நான்தான் சொன்னேன். நாளாக ஆக, ஏறியவுடன் நீளப் பேருந்தின் பின்பாதிக்குப் போய், யாரோ போல நின்றுகொள்ளக் கற்றுக்கொண்டேன். அம்மா விடமாட்டாள். “ஏத்தா, அங்குட்டு என்ன வேடிக்கை? இங்குட்டு வா, இவுக என்னமோ கேக்குறாக!” என்று முன்னாலிருந்து கத்துவாள். என்னைப் பெற்றவளைப் பார்த்து எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. இதை மென்று விழுங்கிச் சொல்வதில் அர்த்தமில்லை.

ஒரு நாள் பேருந்தில் என் வகுப்புத் தோழி லீனா அவள் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பிறந்தநாளுக்கு என்னை அழைக்கலாம் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், கண்ணைக் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை. லீனாவின் அம்மா அணிந்திருந்த வெளிர்நிறக் கோட்டின்மேல், சேறு அப்பிய காலணிகளோடு தம்பி போய் இறங்கினான். அவர் கோபப்படவில்லை. சிரித்த முகமாகவே அவனைத் தூக்கித் திருப்பிக் கொடுத்து, இங்கே இப்படிச் செய்வதில்லை என்று உன் அம்மாவுக்குச் சொல்லிவிடு கண்ணே என்றார். லீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என்ன, அழகுங்கிறாகளா?” என்று அம்மா பூரிப்போடு கேட்டாள்.

“யாரும் அழகுன்னு சொல்லல. ஒரு நாளும், ஒருத்தரும் சொல்லல. பிள்ளைய எடுங்கன்னுதான் எல்லாரும் சொன்னாக. நான்தான் பொய் சொன்னேன். உன்னால எனக்கு மானமே போகுது!”

தமிழ் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் உரக்கவே சொன்னேன். அந்த நல்ல கிழவரையும் ஆத்திரத்தில் சேர்த்து அழித்தேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. “அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவுமா?” என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன். கோட்டிலிருந்த சேற்றைத் துடைக்க முந்தானையோடு கையை நீட்டியவள், தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் இழுத்துக்கொண்டாள். அந்தக் கை பாதியில் நின்றதுதான் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பிறகு, மன்னிப்புக் கேட்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன சொல்வது என்று என்னிடமே கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். பல்லை உடைக்கும் அந்த நீளச் சொல்லை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, லீனாவின் அம்மாவிடம் சொன்னாள். அங்கே இருந்தவரை அவள் கற்றுக்கொண்ட ஜெர்மன் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அவளாகக் கடைவீதிக்குக் கிளம்பவே இல்லை. என்றைக்காவது போக நேர்ந்தால், தம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு ஓர் ஓரமாக நிற்பாள். பேருந்து குலுங்கி யார் மேலாவது லேசாகப் பட்டாலும் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவாள். லீனா என்னைப் பிறந்தநாளுக்கு அழைத்தாள். நான் போகவில்லை.

பிள்ளைப் பருவம் போய்விட்டது என்று எழுதுகிறவர்கள் ஊரில் என்னென்னவெல்லாம் மறைந்துவிட்டன என்று பட்டியல் போடுவார்கள். எனக்கு அந்த வாய்ப்பில்லை. காரைக்குடிப் பேருந்து அப்படியேதான் இருக்கிறது. கையில் செல்போனும் காதில் பாட்டுமாக உட்கார்ந்திருக்கிற கல்லூரிப் பெண்ணும், நிற்கிறவரின் பைக்கு இன்னும் கை நீட்டத்தான் செய்கிறாள். அந்தப் பழக்கம் காணாமல் போனது எங்கள் அம்மாவிடம் மட்டும்தான்.

போன வாரம் அம்மாவும் நானும் ஒரு வேலையாகச் சிவகங்கைக்குப் போனோம். நல்ல கூட்டம். அம்மா கையில் தேங்காய்ப் பை. முழங்கால் வலியோடு கம்பியில் சாய்ந்து நின்றாள். பக்கத்து இருக்கையிலிருந்த பெண் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, “அம்மா, பைய இங்குட்டுக் குடுங்க. எம்புட்டு நேரம் தூக்கிக்கிட்டு நிப்பீக?” என்றாள். “இருக்கட்டும்மா, கனமில்ல” என்று அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. நான் மெல்ல, “குடும்மா, ஆசையாத்தான் கேக்குறாக” என்றேன்.

அந்தப் பெண் பேசியது தமிழ்தான், அம்மாவுக்கும் கேட்டிருக்கும். இருந்தாலும் அம்மா என் பக்கம் திரும்பி, என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் கேட்டாள்:

“நெசமாத்தான் சொல்றியாத்தா?”