மாமனாரின் மெத்தைக் கடையும் ஒரு ரீசெட்டும்

ராஜபாளையத்தில் நஸ்ருதீனுக்கு இணையதளம் செய்து தருவது தொழில். அதைத் தொழில் என்று நம்பியவர்கள் அவன் மனைவி சப்ரீனும், காலை வேளைகளில் மட்டும் அவனும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மெத்தைக் கடை வைத்திருக்கும் மாமனார் ஹபீப் ரகுமான் நம்பாதவர்களுக்குத் தலைவர். அவரே ஒருநாள், "நம்ம கடைக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க மாப்பிள்ளை" என்றதும், நஸ்ருதீனுக்குச் சர்க்கார் வேலைக்கு ஆர்டர் வந்தது போல் இருந்தது. தேறினால் மதிப்பு, தவறினால் ஆயுசுக்கும் இளக்காரம்.

அவன் லேப்டாப்பில் கடையின் பக்கம் அம்சமாக இருந்தது. மாமனார் போனில் மெத்தைப் படத்தின் தலைமாட்டுத் தலையணை கால்மாட்டில் கிடந்தது. மச்சினன் கபீரின் கம்ப்யூட்டரிலோ அது மெத்தையை விட்டே உருண்டிருந்தது.

"உங்க போன்ல கோளாறு மாமா."

"என் கம்ப்யூட்டர்லயுமா மச்சான்?" என்றான் கபீர். "கோளாறு பூராம் எங்க வீட்டுலதான், அக்காவ ஒங்களுக்குக் குடுத்தது உட்பட."

ஒவ்வொரு பிரவுசரும் தன் இஷ்டத்துக்கு இடைவெளியும் எழுத்தளவும் போட்டுக்கொள்ளும். அதை முதலில் துடைக்கத்தான் ரீசெட் ஸ்டைல்ஷீட் என்ற சின்னக் கட்டளைத் தொகுப்பு. பழைய சுவரைச் சுரண்டிவிட்டு வெள்ளையடிப்பது மாதிரி. இது நஸ்ருதீனுக்குத் தெரியும். தன்னைப் போன்ற மேதைக்கு அது தேவையில்லை என்பது இன்னும் நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சொந்தக்காரர்கள் முன்னால் பக்கத்தைத் திறந்துகாட்ட ஏற்பாடு. அன்று காலை ரோஷம் வந்து ரீசெட்டைச் சேர்த்தான், தான் எழுதியிருந்த எல்லாவற்றுக்கும் கடைசியில். வெள்ளையடித்த பிறகு சுவரைச் சுரண்டிய கதைதான்.

கடையில் கூட்டம் எட்டிப் பார்த்தது. தலைப்புகள் குறுகி, இடைவெளி செத்து, மெத்தை, தலையணை, விலை எல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு படுத்திருந்தன.

"இப்ப எல்லாத்துலயும் ஒண்ணுபோல இருக்கு மாமா."

"ஆமா. எதுல பாத்தாலும் கேவலமா இருக்கு."

இன்டர்நெட்டைக் குறை சொல்ல வாயெடுத்தான். சப்ரீன் பார்த்த பார்வையில் வார்த்தை திசை மாறியது.

"என் தப்புதான் மாமா. செத்த நேரம் குடுங்க."

பக்கத்திலிருந்த மெத்தையில் உட்கார்ந்து, ரீசெட்டைத் தூக்கி முதலில் வைத்தான். அதற்கு மேலே கட்டியதெல்லாம் எழுந்து நின்றது. தலையணை எல்லாக் கருவியிலும் தலைமாட்டுக்கு வந்தது.

மாமனார் தன் போனைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார்.

"ஏலே கபீரு, விக்கிற மெத்தையில உக்காந்துருக்காரு பாரு. நாற்காலி எடுத்துப் போடு. மாப்பிள்ளை வேலை பாக்காருல்ல."

வேலை அப்போதே முடிந்துவிட்டது. நஸ்ருதீன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை எதையோ தட்டிக்கொண்டே இருந்தான்.