விடிந்த பிறகே மலையேறும் வண்டி

பிறர் ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தொழிலுக்கு டிராவல்ஸ் என்று பெயர்.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஓனர் முரளி அண்ணன், நான், ஒரு வேன், அந்த வேனை ஓட்டும் தேவா. அவ்வளவுதான் கம்பெனி. தேவா என் வீட்டுக்காரர். இதை வாடிக்கையாளர்களிடம் சொல்லக் கூடாது என்பது முரளி அண்ணனின் கட்டளை. காரணம் பின்னால் வரும். எங்கள் பாப்பாவுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. அவளைத் தூங்க வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தேவா வண்டி எடுத்துக்கொண்டு வெளியூர் போனால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. சும்மா முழித்திருப்பதற்கு எழுதினால் ஒரு வேலையாவது ஆகும்.

பாப்பா பிறப்பதற்கு முன்னால் எனக்கு மலை பிடிக்கும். இப்போது மலை என்றால் வளைவு, மழை, பள்ளம், சிக்னல் கிடைக்காத போன். மலைக்கு ஆள் அனுப்பும் வேலையில் இருந்துகொண்டு இப்படிப் பயப்படலாமா என்று கேட்பீர்கள். கேட்கிறவர்கள் வீட்டில் யாரும் வண்டி ஓட்டவில்லை என்று அர்த்தம். ஓட்டுகிறவர்கள் வீட்டில் கேட்க மாட்டார்கள், பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

சிவப்பு இலை

ஐப்பசியில் மூணாறு பக்கத்து மலைப் பூங்காவுக்கு போட்டோ எடுப்பவர்களை அழைத்துப் போகலாம் என்பது முரளி அண்ணனின் யோசனை. 'இலையுதிர் காலச் சிறப்புப் போட்டோ டூர்' என்று மாடிப்படிக்குப் பக்கத்தில் பேனர் கட்டினார். பேனரில் ஒரு காடே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. போனில் எங்கிருந்தோ எடுத்த படம். அது எந்த நாடு என்று அவருக்கும் தெரியாது. நான் அவரைக் குறை சொல்ல முடியாது. நான் படித்த கான்வென்டில், அக்டோபர் மாதம் காகித இலைகளுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, சட்டையில் குத்திக்கொண்டு இலையுதிர் காலப் பாட்டுப் பாடியிருக்கிறோம். வெளியே மழை கொட்டும். ஸ்கூல் லீவு விடுவார்களா என்ற கவலையோடுதான் பாடுவோம்.

பேனரைப் பார்த்து முதலில் வந்தவர் ஆரம்பாக்கத்துக்காரர் பலராமன். இங்கே இரும்புக் கம்பி ஆலையில் வேலை. புதுக் கேமராவைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சிவப்பு மரங்கள் பூங்காவுக்குள்ளே இருக்கின்றனவா, போகிற வழியிலா என்று கேட்டார். அங்கே டீத்தோட்டம் பச்சை, புல் பச்சை, மரமும் பச்சைதான் என்று உண்மையைச் சொன்னேன். ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார் என்று நினைத்தேன். அவர் பேனரை ஒரு தடவை பார்த்தார், கேமராவை ஒரு தடவை பார்த்தார்.

"இல்லன்னா போவுது வுடுங்க மேடம். பச்சைய எடுத்தாந்து ஊட்ல சிவப்பாக்கிக்கறேன்."

ஆடு

அந்தப் பூங்காவின் விசேஷம் வரையாடு. பாறைச் சரிவில் நிற்கும், பார்க்கிற நமக்குத்தான் கால் நடுங்கும். போட்டோக்காரர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். கிட்டே வருமா, கொம்பு தெரியுமா, பின்னால் பனி இருக்குமா என்று பொண்ணு பார்க்கிற மாதிரி விசாரிப்பார்கள். ஆடு வருவது ஆட்டின் விருப்பம் என்று நானும் பொறுமையாகச் சொல்வேன்.

ஒரு நாள் பெரியபாளையத்திலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்தது. மாப்பிள்ளைக்குப் போட்டோ ஆசை. வரையாட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அந்தப் பெண் என் மேஜைக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்த பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னாள்:

"ஆடி மாசம் அம்மனுக்கு வெட்ட நம்ம ஊட்டு வாசல்லயே ஆட்ட வரிசையா நிக்க வெச்சினு கீறாங்க. அத ஒருநாளு இன்னா ஏதுன்னு பாத்துகீறியா நீ?"

யாரோ ஒரு பொம்பள

இப்போது அந்தக் கட்டளைக்கான காரணம். கோடையில் ஏற்காட்டுக்கு ஒரு குடும்பம் போய் வந்தது. சோழவரத்துக்காரர்கள். வண்டி நல்ல வண்டி, சாப்பாடு நல்ல சாப்பாடு, ஆனால் ஒரு புகார் இருக்கிறது என்று பெரியவர் மாடியேறி வந்தார். நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். டிரைவர் தங்கமான ஆள், ஆனால் மலையேறும்போது போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். அவர் ஓட்டும்போது எடுக்க மாட்டார், ஒவ்வொரு தடவையும் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வருவாராம். மேலே போய்ச் சேரச் சாயந்திரம் ஆகிவிட்டதாம். ஏரியில் படகை நிறுத்திவிட்டார்களாம்.

முரளி அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். நான் பெரியவரிடம், கம்பெனி சார்பில் வருந்துகிறோம், தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும் என்றேன். அவர் போன பிறகு நடவடிக்கை எடுக்கப்பட்டது. மலையில் இருக்கும் டிரைவருக்கு நான் போன் பண்ணக் கூடாது, அவர் யார் என்று எவரிடமும் சொல்லக் கூடாது. படியிறங்கும் முன் பெரியவர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

"யாரோ ஒரு பொம்பள சார், வளைவுக்கு வளைவு போன் பண்ணுது. பாவம் அந்த ஆளு, ஊட்ல தெரிஞ்சா இன்னா பேஜாராவும்!"

ஷிப்டும் மழையும்

சிவப்பு இலை பலராமன் தன்னோடு ஆலையின் போட்டோ கிளப்பையே கூட்டிவந்தார். தலைவர் குமரேசன் சார், ஆலையில் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி. இவர்களுக்குத் தேதி குறிப்பது கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிப்பதைவிடக் கஷ்டம். ஒருவர் காலை ஷிப்டில் இருந்தால் இன்னொருவர் நைட். இவருக்கு வார லீவு என்றால் அவருக்கு ஓ.டி. கடைசியில் எல்லோருக்கும் ஒத்துவந்த நாட்கள் ஐப்பசிக் கடைசியில் விழுந்தன. வானிலை அறிக்கை அந்த வாரம்தான் மழை என்றது. நான் தேதியைத் தள்ளிப் போடச் சொன்னேன். வேறு எதற்காகவும் இல்லை, போட்டோவுக்கு வெளிச்சம் வராதே என்றேன். இப்படி நாகரிகமாகப் பேசக் கான்வென்ட் படிப்பு ரொம்ப உதவும்.

குமரேசன் சார் ஷிப்ட் அட்டவணையை மடித்துப் பையில் வைத்தார்.

"ஷிப்ட மாத்த முடியாது மேடம். மழைய வேணா நீங்க கொஞ்சம் கேட்டுப் பாருங்க."

சூரிய உதயம்

உண்மையான தகராறு அடுத்து வந்தது. என் திட்டத்தில், முதல் நாள் சாயந்திரம் மலையடிவாரத்தில் போடியில் தங்க வேண்டும். விடிந்து, நாஷ்டா முடித்து, ரோட்டின் இரண்டு ஓரமும் கண்ணுக்குத் தெரிந்த பிறகு மலையேற வேண்டும். கிளப்புக்கு வேண்டியது சூரிய உதயம். மேகத்துக்கு மேலே நின்று அதை எடுக்க வேண்டுமென்றால் கும்மிருட்டில் கிளம்பி மலையேற வேண்டும். பூங்கா கேட் வெயில் வந்த பிறகுதான் திறக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். உதயம் பூங்காவில் இல்லை, அதற்கு முன்னால் ரோட்டு ஓரத்தில் ஒரு இடம் இருக்கிறது என்று பலராமன் போனில் காட்டினார். போன் எல்லாவற்றையும் காட்டுகிறது, டிரைவரின் கண் எரிவதை மட்டும் காட்டுவதில்லை.

முரளி அண்ணன் வாடிக்கையாளர் பக்கம் சேர்ந்துகொண்டார். அது அவர் தொழில். நான் தோற்றேன். என் முகத்தைப் பார்த்து குமரேசன் சாருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். நாங்கள் பாதுகாப்பில் ஊறியவர்கள், பயப்படாதீர்கள் என்றார். அவர்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டாம். யாருக்காவது மனசில் ஆபத்து என்று பட்டால், கூட்டிப் பெருக்குகிறவராக இருந்தாலும் சரி, 'ஸ்டாப்' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை அப்படியே நிற்க வேண்டும். மிஷின் ஓடக் கூடாது. டூரிலும் அதே வழக்கம்தான் என்றார்.

"ஸ்டாப் சொன்னவன, ஏண்டா சொன்னேன்னு அங்கயே ஒருத்தன் கேக்க முடியாது மேடம். அவ்ளோ ஸ்ட்ரிக்ட்டு நாங்க."

ஸ்டாப்

அவர்கள் கிளம்பிப் போன அன்று சாயந்திரம் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. ரயில்வே சுரங்கப் பாதையில் தண்ணீர் நின்றது, ஜெராக்ஸ் கடைக்காரர் மிஷினைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். இன்னும் சில மணி நேரத்தில் வண்டி இருட்டில் மலையேறும். தேவாவுக்குப் போன் பண்ணக் கூடாது, கம்பெனிக் கட்டளை. குமரேசன் சாருக்குப் பண்ணக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அவர் எடுத்ததும், "சார், ஸ்டாப்" என்றேன். யார் என்றார். டிராவல்ஸ் ஜெனி என்றேன். இங்கே ஒரு தூறல்கூட இல்லையே மேடம், நட்சத்திரம் தெரிகிறதே என்றார். இங்கே கொட்டுகிறது சார் என்றேன். சொன்ன பிறகுதான், கும்மிடிப்பூண்டியில் பெய்யும் மழை போடி மலையை ஒன்றும் செய்யாது என்பது எனக்கே உறைத்தது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். வண்டி ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர், கையில் இருப்பது அவர் குழந்தை, காலையிலிருந்து அவர் ஓட்டிக்கொண்டே இருக்கிறார், படுத்து எழுந்த பிறகு ஏறட்டும் சார் என்றேன். பாப்பா வேறு சரியாக அந்த நேரம் பார்த்து அழுதாள்.

அவர் யாரையோ கூப்பிட்டு என்னவோ சொன்னது கேட்டது. பிறகு என்னிடம் சொன்னார்:

"ஸ்டாப்புன்னா ஸ்டாப்புதான் மேடம். காரணத்த திங்கக்கெழம பேசிக்கலாம்."

திங்கட்கிழமை

மறுநாள் அந்த மலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்ததாம். ஒரு கல் உருளவில்லை, ஒரு மரம் விழவில்லை. வேறு ஊர்க் கூட்டம் ஒன்று அங்கே எடுத்த சூரிய உதயத்தை முரளி அண்ணன் என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். உண்மையிலேயே பிரமாதமாக இருந்தது. மேகம் கடல் மாதிரி, சூரியன் முட்டையின் மஞ்சள் மாதிரி. எங்கள் கூட்டம் அந்த நேரத்தில் லாட்ஜ் வாசலில் இட்லிக்காகக் காத்திருந்தது.

திங்கட்கிழமை கிளப் முழுதும் மாடியேறியது. ஸ்டாப் சொன்னால் பிறகு உட்கார்ந்து காரணம் பேசுவது அவர்கள் முறையாம். குமரேசன் சார் முறைப்படி காரணம் கேட்டார். பயம் என்றேன். எதைப் பார்த்து என்றார். ஜன்னலைப் பார்த்து என்றேன். சிரிப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. குமரேசன் சார் முரளி அண்ணன் பக்கம் திரும்பி, காலையிலிருந்து ஓட்டியவரை அதே ராத்திரி மலையேறச் சொன்ன திட்டத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது, ஆலையில் இதை நானே நிறுத்தியிருப்பேன், லீவில் போனால் மூளையும் லீவில் போய்விடுகிறது என்றார்.

அப்புறம் பலராமன் ஒரு படத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். விடியலுக்குக் காத்திருந்தபோது எடுத்தது. வேனின் முன் சீட்டில் தேவா தூங்குகிறார். தலையில் துண்டு, வாய் திறந்திருக்கிறது, கண்ணாடியில் பனி, மேலே விடிகிற வெளிச்சம். லாட்ஜ் வாசலில் இருந்த வேப்பமரத்தைப் பலராமன் இலை விடாமல் சிவப்பாக்கியிருந்தார். பேனரைவிட நன்றாக இருந்தது. அதை ஆலை கேட்டில், பாதுகாப்பு அறிவிப்புப் பலகையில் பெரிதாக மாட்டப் போவதாகச் சொன்னார்கள். கீழே 'முழுத் தூக்கம் தூங்கிய டிரைவர்' என்று எழுதுவார்களாம்.

தேவா சாயந்திரம் வீட்டுக்கு வந்து, பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஓட்டும்போது ஒருத்தனும் படம் எடுத்ததில்லை, தூங்கினதுக்கு எடுத்து மாட்டுறானுங்க என்று முணுமுணுத்தார். ஸ்டாப் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்:

"அடுத்த தபா ஊரையெல்லாம் எழுப்பாத ஜெனி. எனக்கே பண்ணு. நா ஓரங்கட்டிப் பேசறேன்."

அந்த மலையில் சூரிய உதயம் கண்கொள்ளாக் காட்சி என்று வருகிற வாடிக்கையாளர் எல்லோரிடமும் மனதாரச் சொல்கிறேன். எங்கள் வண்டியில் போய் அதைப் பார்த்தவர் மட்டும் இதுவரை ஒருவரும் இல்லை.