இரண்டாவது அடுப்பு

தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்தி, மணியின் மூடியைத் திருகிக் கழற்றி, காக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார் பரந்தாமன். அதன் பிறகுதான் தெருவுக்குள் நுழைவார். கரையான்சாவடியில் அவருடைய மணிச் சத்தம் எல்லாருக்கும் தெரியும். அது கேட்டால் ஒரு வீட்டில் டி.வி. பெட்டிமேல் பழைய புடவை விழும். இன்னொரு வீட்டில் மிக்ஸி அரிசி டிரம்முக்குள் இறங்கும். சம்பாதிக்கிற மகன் பின்பக்கச் சுவரேறிக் குதிப்பான்.

அவர் கிராம உதவியாளர். ஊர் 'தலையாரி' என்றுதான் கூப்பிடுகிறது. பிள்ளை படிப்புக்கோ பிரசவத்துக்கோ அரசாங்கப் பணம் கேட்டு யார் மனுப் போட்டாலும், வீட்டு வருமானம் வரம்புக்குள் இருக்கிறதா என்று நேரில் பார்த்து வந்து வி.ஏ.ஓ.விடம் சொல்ல வேண்டும். காகிதத்தில் எல்லாருமே ஏழைகள். ஆகவே அவர் காகிதத்தைப் பார்ப்பதில்லை, முகத்தையும் பார்ப்பதில்லை. நேராக அடுப்படிக்குப் போய்விடுவார். "எத்தினி அடுப்பு எரியுதோ அத்தினி குடும்பம். ஒரே அடுப்புல துன்னா, எல்லார் சம்பளமும் ஒண்ணுதான். நா எரியறத மட்டும்தான் எழுதுவேன்" என்பார்.

விசாரணைக்குப் போன வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். சைக்கிள் பையில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையத் தண்ணீர் எப்போதும் இருக்கும். "ஒரு டம்ளர் மோர் குச்சாலும் கண்ணு மங்கிப்பூடும்" என்று காரணம் சொல்வார். அவர் மனைவி வரலட்சுமி இதை ஒப்புக்கொள்வதில்லை. "ஊரு அடுப்பெல்லாம் எட்டிப் பாக்குறியே, நம்ம ஊட்டு அடுப்புல இன்னா வேவுதுன்னு என்னிக்காவது பாத்துகிறியா நைனா?" என்பாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உன்னுது ஒரே அடுப்பு. எழுதியாச்சு" என்பார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ஜெயகுமாரியின் மனுவை எடுத்துக்கொண்டு போனார். புருஷன் இல்லாதவள். தையல் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா எடுத்து மாதம் முன்னூற்றைம்பது வாங்குகிறாள். மகள் பேபி பத்தாவதில் நல்ல மார்க். தகப்பனில்லாத பெண்ணின் மேல்படிப்புக்கு உதவித்தொகை கேட்டிருந்தார்கள். வியாழக்கிழமை கடைசி நாள். கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை முதல் பேபியும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுப்பாள்.

சிக்கல், அவர்கள் இருப்பது ஜெயகுமாரியின் அண்ணன் வீட்டில். அண்ணன் கிறிஸ்துராஜ் பாடியில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். சம்பளம் ஆயிரத்து எண்ணூறு. வரம்போ ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம்.

மணியில்லாத சைக்கிள் வாசலில் நின்றதும் கிறிஸ்துராஜே ஓடி வந்தான். அன்றைக்கு லீவு போட்டிருந்தான். "வா அண்ணாத்தே. எங்க தங்கச்சி தனி. நாங்க தனி. வா, காட்டுறேன்."

பின்பக்கத் தாழ்வாரத்தில் செங்கல் அடுக்கி மண் பூசிய ஓர் அடுப்பு இருந்தது. பக்கத்தில் இரண்டு சட்டி, ஒரு கரண்டி, நாலு சுள்ளி. எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தான். ஆனால் ஆபீஸ்காரர் வருகிறார், அழுக்காக இருக்கக்கூடாது என்று, அடுப்புக்குப் பின்னாலிருந்த சுவருக்குப் பளிச்சென்று சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தான்.

பரந்தாமன் அந்த வெள்ளைச் சுவரில் ஆள்காட்டி விரலை ஓர் இழுப்பு இழுத்தார். விரலில் சுண்ணாம்புதான் ஒட்டியது.

"எம்மாம் நாளா சமைக்கிறாங்க இதுல?"

"ஆறு மாசமா…"

"ஆறு மாசமா பொகையே வராத அடுப்பா? சொல்லு மாமே, நானும் ஒண்ணு கட்டிக்கிறேன். எம் பொண்டாட்டி கண்ணு எரியுதுன்னு தெனம் திட்றா."

கிறிஸ்துராஜ் தரையைப் பார்த்தான். ஜெயகுமாரிதான் வாயைத் திறந்தாள். "நேத்து சாயங்காலம் அண்ணன் கட்டிச்சி சார். நா பொய் சொல்லமாட்டேன். எங்களுக்கும் சேத்து அண்ணிதான் ஆக்குறாங்க."

அண்ணி லூர்தம்மாள் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இன்னா சட்டம் இது? புருஷன் செத்துப்போனவள ஒண்ணா உக்கார வெச்சி சோறு போட்டா துட்டு கெடயாது. தொரத்தி உட்டிருந்தா கெடைக்கும். அப்படித்தானே? அப்ப நா தொரத்திட்டேன்னு எழுதிக்கோ!"

பரந்தாமன் நோட்டை அக்குளில் செருகிக்கொண்டு வாசல்வரை போனார். சைக்கிள் ஸ்டாண்டைக்கூட எடுத்துவிட்டார். பிறகு மறுபடி ஸ்டாண்டைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"ஏம்மா, இன்னிலேர்ந்து இதுல ஆக்குவியா? தெனமும்? நா சொல்லாம கொள்ளாம வருவேன்."

"ஆக்குறேன் சார்."

"அப்ப பத்த வை. ஒரு டீ போடு."

கிறிஸ்துராஜ் நம்பாமல் அவரைப் பார்த்தான். லூர்தம்மாள் தன் அடுப்படிக்குப் போய் டீத்தூள் டப்பாவைக் கொண்டுவந்தாள். பரந்தாமன் கையைக் காட்டித் தடுத்தார். "அது உன் ஊட்டுத் தூளு. வேணாம்."

பேபி சில்லறையை எடுத்துக்கொண்டு முனைக் கடைக்கு ஓடி, ஒரு டீத்தூள் பொட்டலமும் கால் கிலோ சர்க்கரையும் வாங்கி வந்தாள். லூர்தம்மாள் தன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, நாத்தனார் முதல் தடவையாகத் தனி அடுப்பு மூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்தவள், "பொகை" என்றாள். புகை இன்னும் கிளம்பவே இல்லை.

"காஞ்ச சுள்ளி வேணாம்மா," என்றார் பரந்தாமன். "ஈர வெறகா பாத்து வை. செவுத்துல கரி புடிக்கட்டும். நாளைக்கு வி.ஏ.ஓ. வந்தாலும் வருவாரு."

ஈர விறகு சீறியது. தாழ்வாரம் முழுக்கப் புகை சூழ்ந்து ஆளுக்கு ஆள் இருமினார்கள். பரந்தாமன் நகரவில்லை. தாழ்வாரத்துக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் கவிழ்த்திருந்த வாளியின்மேல் அரை மணி நேரம் உட்கார்ந்து, அடுப்பையும் அதன் பின்னால் இருந்த சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயகுமாரி கொண்டுவந்த டீயில் புகை வாடை தூக்கலாக இருந்தது. முழுவதையும் குடித்தார்.

பிறகு காலி டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய், சுவரில் விரலை இன்னொரு தடவை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.