கோட்டைத் தொட்ட விரல்

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. தினமும் கடவுளைக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிறவன் நான். கட்டுக்கதை சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் நான். படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் என் அறைக்கு ஜன்னல் கிடையாது, விளக்கும் போடுவதில்லை. உச்சி வெயிலிலும் இருட்டுதான். ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் அதற்குக் 'குகை' என்றே பேர் வைத்திருந்தார்.

அன்று மதியம் இரண்டு மணி. ஒரு பெண்ணுக்குப் பித்தப்பை ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கலாமா என்று கேட்டு தியேட்டரிலிருந்து ஓயாமல் போன். எனக்கோ பசி. அவள் நெஞ்சு ஸ்கேனில், இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயை அளக்க அதன் குறுக்கே கோடு இழுத்தேன். இருபத்தைந்து மில்லிமீட்டர். பக்கத்தில், உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் முப்பது. முதல் குழாய் இதைவிடப் பெருத்திருந்தால் நுரையீரலில் அழுத்தம் அதிகம் என்று சந்தேகப்பட வேண்டும். அப்படிப்பட்டவருக்கு மயக்க மருந்தில் உயிரே போகலாம். பெருத்திருக்கவில்லை. நல்லது.

அப்போது பின்னால் மூச்சுச் சத்தம்...

கதவோரம் ஒரு பெரியவர்.

"கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா தம்பி? மூச்சு வாங்குது. பொண்ணுகூட வந்தேன்."

வெளியாட்கள் வரக் கூடாத அறை. ஆனாலும் அவரை நிற்க வைக்க மனசு வரவில்லை. பக்கத்து நாற்காலியைக் காட்டி, என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். பிறகு திரையைப் பார்த்துத் திரும்பி, அறிக்கையை அனுப்பப் போனேன்.

மூச்சு நின்றது.

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். மறுபடி வந்தது. ஹ்ஹ்... ஹ்ஹ்...

மவுஸைத் தொட்டேன். நின்றது.

என் தோளுக்கு மேலே ஒரு கை நீண்டது. சுட்டுவிரலுக்கு நுனி இல்லை. அந்தக் குறைவிரல் நான் இழுத்த கோட்டைத் தொட்டது.

"இன்னும் கீழ பாருங்க தம்பி."

பார்த்தேன். குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அளக்க வேண்டியதை, அவசரத்தில் அதற்கு மேலேயே அளந்திருந்தேன்.

புதிதாகக் கோடு இழுத்தேன்.

முப்பத்தாறு.

திரும்பினேன்.

நாற்காலி காலி.

கதவு திறந்திருந்தால் வெளிச்சம் விழுந்திருக்கும்... விழவில்லை.

போன் செய்து ஆபரேஷனை நிறுத்தினேன். ஒரு நாற்காலி தர மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, அன்று வெகுநேரம் கடவுள் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

சில வாரம் கழித்து, தேறிய முகத்தோடு அந்தப் பெண் நன்றி சொல்ல வந்தாள். அப்பா சௌக்கியமா என்று கேட்டேன். அவள் விழித்தாள்.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே போயிட்டாரு சார். ஆபரேஷனுக்கு மயக்கம் குடுத்தாங்க, எந்திரிக்கவே இல்ல. தச்சு வேலை. ரம்பத்துல விரல் நுனி போனப்பகூட ஆஸ்பத்திரி பக்கம் வராத மனுஷன்."

சிரித்தாள். ஸ்கேன் அறையில் தனியாகப் படுக்கப் பயந்து நடுங்கியதாகவும், நர்ஸம்மா கடைசி வரை கையைப் பிடித்திருந்ததாகவும் சொன்னாள்.

டெக்னீஷியனிடம் கேட்டேன்.

"படம் எடுக்கறப்ப உள்ள யாரும் இருக்க மாட்டாங்க சார். கதவு திறந்திருந்தா மிஷினே ஓடாது."

குகைக்குப் போய் அவள் படங்களைத் திறந்தேன். ஸ்கேனுக்கு முன்னால் ஆளை நீளவாக்கில் ஒரு படம் எடுப்பார்கள். அதை நாங்கள் உற்றுப் பார்ப்பதில்லை. தலைக்கு மேல் தூக்கிய அவள் கை அதில் தெரிந்தது.

அதைப் பற்றியபடி... இன்னொரு கையின் எலும்புகள்.

சுட்டுவிரலில் ஓர் எலும்பு குறைவு.