மிதவைக்காரன் தூங்கிப்போன மதியம்

ப்ளாமெனுக்கு டான்யூப் ஆற்றில் வேலை. கப்பல்களுக்கு வழி காட்டுகிற சிவப்பு, பச்சை மிதவைகளைப் பார்த்துக்கொள்வான். வெள்ளம் எதையாவது இழுத்துப் போனால், தேடிப் பிடித்துக் கொண்டுவந்து மறுபடி நங்கூரமிட வேண்டும். அந்த ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் லோம் நகரத்தில் கால்களைச் சற்று அகட்டி வைத்து, தரை எப்போது ஆடுமோ என்பதுபோல நடக்கிற ஆள் யாரென்று கேட்டால் சின்னக் குழந்தைகூட அவனைத்தான் கைகாட்டும். அதிகம் பேச மாட்டான். சிரிப்பதும் கண்ணால்தான்.

அவன் மனைவி ஸ்வேதா, ஒரு வயதான பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக இத்தாலிக்குப் போனபோது மகள் நேதா அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். ப்ளாமென் யாரிடமும் கேட்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் போய்விட்டான். படகை ஓட்டுகிற இலியா முதல் நாள் திட்டினார், மறுநாள் தன் கம்பளிச் சட்டையை மடித்துக் குழந்தைக்குத் தலையணையாக வைத்தார். மதியம் இன்ஜின் அறைக்கு மேலே உள்ள பலகையில் அவள் தூங்குவாள். அடியில் இன்ஜின் முனகும், பக்கத்தில் தண்ணீர் தட்டிக்கொண்டே வரும்.

மூன்று வயது முடிந்ததும் செப்டம்பரில் எங்கள் பாலர் பள்ளிக்கு வந்தாள். நான் அங்கே உதவியாளர். பிள்ளைகள் என்னை ஷிவ்கா அத்தை என்பார்கள்.

முதல் வாரம் எங்கள் வாசல் ஒரே அழுகையாக இருக்கும். நேதா அழவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. பீன்ஸ் சூப்பை வழித்துக் குடித்தாள். பாட்டு நேரத்தில் வாயசைத்தாள். மதியச் சாப்பாடு முடிந்து திரையை இழுத்துவிட்டதும், வரிசையாகக் கிடக்கும் குட்டிக் கட்டில்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக அடங்குவார்கள். அவள் மட்டும் ஷூவைக் கழற்றாமல், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

“படுத்துக்கடா கண்ணு.”

“வேணாம்.”

“அப்பா சாயங்காலம் வந்துருவாரு.”

“நான் தூங்கிட்டா வர முடியாது அத்தை.”

ஏன் என்று கேட்டால் ஷூ வாரை இன்னும் இறுக்கிக்கொள்வாள். மாலையில் தூக்கம் தாங்காமல் ஷூ மாட்டும் பெஞ்சியிலேயே தலை சாய்வாள். உடனே திடுக்கிட்டு நிமிர்வாள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்துவிட்டது.

ப்ளாமெனும் சரியாக இல்லை. காலையில் அவளை விட்டுவிட்டு வேலிக்கு வெளியே, நிழல் தருகிற லிண்டன் மரத்தடியில் நிற்பான். கீழே துறையிலிருந்து இலியா படகின் சங்கை ஊதுவார். ஒருநாள் அவரே மூச்சு வாங்க மேடேறி வந்துவிட்டார்.

“ஏண்டா, உன்னையும் இங்க சேத்துட்டாங்களா? கழுத்துல துண்டு கட்டி விட்டுட்டுப் போறேன், சூப்பு குடிச்சுட்டு வா!”

ப்ளாமென் சிரிக்காமல் அவர் பின்னால் இறங்கிப் போனான்.

எங்கள் ஆசிரியை தோன்சேவா இளவயதுப் பெண். அன்று மாலை அவனிடம் கேட்டாள்: “படகுல இவ எப்படித் தூங்குவா?”

“அங்கயா? படுத்தா அவ்வளவுதான். ஒரு தீவுகிட்ட கண்ணை மூடுவா, முழிக்கறப்ப வேற கரையில இருப்போம். அப்பா, எங்க வந்திருக்கோம்னு கேப்பா. தினமும் அதுதான் அவளுக்கு விளையாட்டு.”

சொல்லிக்கொண்டே சட்டென்று மகளின் ஷூவைப் பார்த்தான். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. தூங்கினால் படகைப் போலவே இந்தப் பள்ளி வீடும் நகர்ந்துவிடும், வேறெங்கோ போய் நின்றுவிடும், அப்பாவால் கண்டுபிடிக்க முடியாது. பாவம், குழந்தை வீட்டுக்கே காவல் உட்கார்ந்திருந்திருக்கிறது.

“நாங்க சொன்னா நம்ப மாட்டா,” என்றாள் தோன்சேவா. “ஒருநாள் மதியம் நீங்களே வந்து இருங்க.”

அக்டோபரில் மூடுபனி இறங்கி, ஆற்றில் எதுவும் ஓடாத ஒருநாள் வந்தான். வாசலில் ஷூவைக் கழற்றினான். கம்பளிக் காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொட்டது. போர்கோ என்கிற குண்டுப் பையன் போர்வைக்குள்ளிருந்து கேட்டான்: “மாமா, உங்களுக்குக் கட்டில் குடுக்கலையா? சேட்டை பண்ணீங்களா?”

“ஆமாண்டா,” என்று சொல்லிவிட்டு மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பளத்தில் படுத்துக்கொண்டான். தாழ்ந்த குரலில் ஆற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். பனியில் மிதவைகள் என்ன செய்துகொண்டிருக்கும், நாரைகள் எந்த மணல்திட்டில் ஒற்றைக்காலில் நிற்கும் என்று ஏதேதோ. பிள்ளைகளின் மூச்சு ஒன்றன்பின் ஒன்றாக நீண்டது. போர்கோ தூங்கினான். கடைசியில், ஒரு வாக்கியத்தின் பாதியில், ப்ளாமெனும் தூங்கிப்போனான்.

தோன்சேவா பக்கத்து அறைக்குப் போயிருந்தாள். அங்கே விழித்திருந்தது நேதாவும் நானும்தான்.

அவள் மெல்ல இறங்கி ஜன்னலுக்குப் போனாள். நானும் எட்டிப் பார்த்தேன். வெளியே பனி வெள்ளையாக நகர்ந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் நகர்வது பனியா வீடா என்று தெரியவில்லை. எங்கள் கட்டிடமே கயிறு அவிழ்ந்து, தூங்குகிற பிள்ளைகளோடு ஆற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. நான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் பிடித்துக்கொண்டாள். 

பிறகு பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. முதலில் வால்நட் மரம் வந்தது. அப்புறம் வேலி. அப்புறம் எதிர்வீட்டுக் கொடியில் யாரோ மறந்துவிட்ட நீலச் சட்டை. எல்லாம் அதனதன் இடத்தில்.

நேதா திரும்பி வந்து அப்பா முகத்தை உற்றுப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினாள். யோசித்தாள். இன்னொன்றையும் கழற்றினாள். படுத்ததும் கல்லைப் போட்டதுபோலத் தூங்கிவிட்டாள்.

ப்ளாமென் எழுந்தபோது பனி விலகியிருந்ததைப் பார்த்து, படகுக்கு நேரமாயிற்றே என்று பதறிப்போய் ஷூவைத் தேடினான். அதற்குள் திரும்பி வந்திருந்த தோன்சேவா அவன் தோளைத் தொட்டாள். “போகாதீங்க. அவ கண்ணு முழிக்கறப்ப நீங்க இதே இடத்துல இருக்கணும்.”

அப்படியே இருந்தான். அவள் கண் திறந்ததும் கேட்டாள்: “அப்பா, எங்க வந்திருக்கோம்?”

“எங்கயும் இல்ல. இங்கயேதான்.”

“கொஞ்சம்கூட நகரலையா?”

“நகரல.”

அவள் முகத்தில் சிறிய ஏமாற்றம் தெரிந்தது. இருந்தாலும் தூங்கி எழுந்ததும் கொடுக்கிற தயிரை முழுதாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை வாசலிலேயே அவன் கையை விட்டாள். “நீ போப்பா. இது நிக்கிற வீடு.”

அவள் தேறிவிட்டாள். அவன் தேறத்தான் நாளானது. மதியமானால் படகில் அவள் தூங்கிய அந்தப் பலகைப் பக்கம் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வருவான் என்று இலியா சொன்னார். ஒருநாள் சீக்கிரமே வந்துவிட்டு, கட்டைகளால் அவள் கோபுரம் கட்டி முடிக்கும்வரை அவளுடைய கம்பளி மேற்சட்டையைக் கையில் பிடித்தபடி நடைவழியில் நின்றான்.

“உக்காருப்பா,” என்றேன்.

“இல்லக்கா. அவ என்னைப் பாத்துட்டா. ஒரு நிமிஷம்னு விரல் காட்டினா,” என்றான். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்தது பெருமையா வருத்தமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜூனில் ஸ்வேதா திரும்பி வந்தாள், இனி போவதில்லை என்று. வெயிலில் கறுத்து, இளைத்து, வாசலில் தயங்கி நின்றாள். நேதா அவளைப் பார்த்தாள், வெட்கப்பட்டாள், போர்கோவின் பின்னால் ஒளிந்தாள். பிறகு வந்து அம்மாவின் ஒற்றை விரலைப் பிடித்து, கை கழுவும் இடம், துண்டு மாட்டும் கொக்கி, கட்டில் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனாள். ஸ்வேதா எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ப்ளாமென் வேலியருகே நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். உள்ளே வரச் சொன்னேன். “அவங்க ரெண்டு பேரும் பாத்துட்டு வரட்டும்கா,” என்றான்.