கிரீன் கார்டு வரட்டும்

அமெரிக்காவில், எங்கள் பிளெய்ன்ஸ்பரோ நூலகத்தில் எடுத்த காதல் நாவல் அது. கறுப்பர்கள் சம உரிமை கேட்டு ஊர்வலம் போன காலத்துக் கதை. கறுப்பினப் பெண்ணும் வெள்ளைக்காரப் பையனும் அந்த ஊர்வலங்களில்தான் காதலிக்கிறார்கள். வேலைக்குப் போக முடியாத விசாவில் வந்தவள் நான். பகலெல்லாம் படித்துப் படித்து அழுதேன். பையனின் அக்காவுக்கு எல்லாம் தெரியும். இருந்தும் "பொறு, காலம் மாறும்" என்பதைத் தவிர அவள் வேறொன்றும் சொல்வதில்லை. கோழை என்று அவளை வாய்விட்டே திட்டினேன்.

அந்த வாரம் ஈரோட்டிலிருந்து தங்கை போனில் அழுதாள். அவள் காதலிப்பது வேறு சாதிப் பையனை.

"அக்கா, நீ நேர்ல வந்து பேசுனாத்தான் அப்பா கேப்பாரு."

ஊருக்குப் போனால் திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொள்வேன் என்று கணவருக்குப் பயம். எனக்கும்தான்.

"கொஞ்சம் பொறுடி. கிரீன் கார்டு வரட்டும், வந்து பேசறேன்" என்றேன்.

அது வர ஆறு வருடம் ஆனது. ஊருக்குப் போனேன். அப்பா பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்ட தங்கை, தன் குழந்தையை என் மடியில் விட்டாள்.

"வந்துட்டியாக்கா? அப்பா உள்ளதான் இருக்காரு. போய்ப் பேசு."