எண்ணெய்ச் சட்டி ஏறாத கிறிஸ்துமஸ்

செய்தி கீழிருந்து வந்தது. எங்கள் வீட்டில் எல்லாமே கீழிருந்துதான் மேலே வரும். கீழே அப்பாவின் முறுக்குப் பட்டறை. மேலே நாங்கள் இருக்கும் ஒற்றை அறை. நடுவில் தரையில் ஒரு ஓட்டை, அதில் இரும்பு ஏணி. எண்ணெய்ப் புகை, வேலையாட்கள் போடும் இந்திப் பாட்டு, அப்பாவின் அதட்டல் எல்லாம் அந்த ஓட்டை வழியாகவே ஏறி வரும். அன்று எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்றது. பகல் நேரத்தில் பட்டறை அடுப்பின் இரைச்சல் நின்று நான் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் போன் செய்திருக்கிறான் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. நான் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். அப்பா ஏணியின் அடியில் வந்து நின்றார். மேலே பார்க்கவில்லை.

“ரூத்து… உன் மைனி போயிட்டா. மாவ மூடி வையி.”

பால்வாடிப் பிள்ளைகளின் அம்மாமார்களே, என் அண்ணன் மனைவி கிரேஸ் மைனியின் முகத்தை உங்களில் பலர் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுப் பின்சந்தில், ஜன்னலிலிருந்து இறங்கும் கயிற்றையும், அதில் தொங்கும் வாளியையும், வாளிக்குள் இருக்கும் டப்பாக்களையும்தான் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் பக்கத்து வீட்டுப் பாத்துமாக்காவை, பால்வாடி விருந்தில் இதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். “நான் வாசிச்சா நமாஸுக்குக் கூப்பிடுத மாதிரி இருக்கும், பரவால்லியா?” என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். இப்போது ராத்திரி, அப்பா ஏணிக்கு அடியில் படுத்திருக்கிறார். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் நான் பேனாவை நிறுத்துகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதற்குத்தான்.

மைனி செம்பூர்க்காரி. அணுசக்தி நகருக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டியவரின் மகள். கல்யாணத்துக்கு முன்னால் வாஷியில் ஒரு ஆபீஸில் வேலை பார்த்தவள். ஹார்பர் லைன் ரயிலில் கதவோரம் நின்று, வாஷிப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்கப் போவாளாம். அதை என்னிடம் அடிக்கடி சொல்வாள். தாராவிக்கு மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே அப்பா ஒரு விதி சொல்லிவிட்டார்: “கீழ ஆம்பளையாளு சட்டையில்லாம நின்னு வேல பாக்கான். அடுப்பு எரியும்போது பொம்பளைங்க ஏணியில இறங்கப்பிடாது.” அடுப்பு காலையில் ஏற்றினால் இரவில்தான் அணையும். வீட்டுக்கு வேறு வழி கிடையாது. நான் ஆட்கள் வருவதற்கு முன்பே பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவேன். திரும்பி வரும்போது அவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள். அதனால் அந்த விதி என்மேல் விழவில்லை. மைனிமேல் முழுதாக விழுந்தது. அம்மா இல்லாத வீடு. விதியைத் தளர்த்திக் கொடுக்கவும் யாருமில்லை. அண்ணன் வாஷி மார்க்கெட்டுக்கு விடியுமுன் போய் இருட்டிய பின் வருகிறவன். அப்பா முன்னால் அவனுக்கு வாய் திறக்காது.

மைனி ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. நான்தான் கொதிப்பேன். “மைனி, ஒரு தடவ கேளுங்களேன். ஞாயித்துக்கிழமை செம்பூருக்குப் போயிட்டு வாரேன்னு கேளுங்க.”

“ஏட்டி, கேட்டாத்தான வேண்டாம்பாங்க? கேக்காமலே நடக்குத வழி எதுன்னு பாரு” என்பாள்.

அவள் கண்டுபிடித்த அந்த வழியின் பெயர்தான் இட்லி.

மைனியின் மகன் சாமு பால்வாடியில் சேர்ந்த வருஷம், கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பிள்ளைகள் எல்லோரும் டப்பா கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். மைனி போனில் படங்கள் பார்த்தாள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் டப்பாக்கள்: சோற்றில் கரடி, காரட்டில் மான், எல்லாம் கட்டம் கட்டமாக. எங்களிடம் இருந்தது சாமுவின் வட்ட எவர்சில்வர் டப்பா. மைனி ஒரு பெரிய இட்லியும், மருந்துக் கிண்ணத்தில் ஊற்றிய ஒரு குட்டி இட்லியும் அவித்தாள். பெரியது உடம்பு, குட்டி தலை. கண்ணுக்கு இரண்டு மிளகு, மூக்குக்குக் காரட் சீவல், கழுத்தில் காரட்டை நீளமாகச் சீவி ஒரு சால்வை. “பனி மனுஷன்” என்று எனக்குச் சொன்னாள். சாமுவைக் கூப்பிட்டு, “இது யாரு சொல்லு?” என்றாள்.

சாமு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “மாவு மாமா!”

எங்கள் பட்டறையில் மாவு பிசைகிறவரைத்தான் அப்படிச் சொன்னான். அவர் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக இருப்பார், தோளில் ஒரு துண்டு கிடக்கும். தாராவியில் பிறந்த பிள்ளை பனிக்கு எங்கே போகும்? மைனி சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு கழுத்தில் சுற்றியிருந்த காரட் சால்வையை எடுத்துத் தோளில் துண்டாகப் போட்டாள். அன்று பால்வாடியில் மற்றப் பிள்ளைகள் மாவு மாமா வேண்டும் என்று அழுத கதை உங்களுக்குத் தெரியும். அடுத்த வருஷம் நீங்களே வெறும் டப்பாக்களை வாளியில் வைத்துக் கயிற்றை ஆட்டினீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் எல்லா வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி ஏறும். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. மைனியோ பிள்ளைகளின் டப்பாவில் ஒரு சொட்டு எண்ணெய் சேர்த்ததில்லை. சேர்க்க வேண்டுமானால் அப்பாவிடம் எண்ணெய் கேட்க வேண்டும், யாருக்கு, எதற்கு, எத்தனை பிள்ளை என்று பதில் சொல்ல வேண்டும். இட்லிக்கு எந்தக் கேள்வியும் கிடையாது. காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பதை யார் தடுப்பார்கள்? ஆவியில் எது வேகுமோ அதை வைத்தே பண்டிகையைச் செய்தாள். பச்சரிசி மாவைக் கொழுக்கட்டைக்குப் போலக் கிளறி, முறுக்குக் குழலின் அடியில் போடும் ஓட்டைத் தகடான பிழிவில்லையில், பட்டறையில் உடைந்து ஒதுக்கிய ஒன்றை எடுத்து, அதன் ஒற்றை நட்சத்திரக் கண் வழியாகப் பிழிவாள். நீளமாக வருவதைச் சிறு சிறு துண்டாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு நட்சத்திரம். கொத்தமல்லிச் சாதத்தைப் புனலில் அமுக்கிக் கவிழ்த்தால் கிறிஸ்துமஸ் மரம். மேலே மாதுளை முத்து நாலைந்து. சுலபம்தான். வீட்டில் செய்து பாருங்கள். புனலை ஈரமாக்கிக்கொண்டால் சாதம் ஒட்டாது.

போன வருஷம் மாவு மாமாவுக்குச் சிவப்புத் தொப்பி வைக்க ஆசைப்பட்டு, பீட்ரூட் சாற்றில் மாவைக் கரைத்தாள். இரவில் சாப்பாடு பரிமாறும்போது அப்பா அவள் விரல்களைப் பார்த்தார்.

“கையில என்ன சாயம்? யாருக்குக் காட்ட?”

“பீட்ரூட்டு, மாமா.”

“கழுவு.”

கழுவினால் போகிற நிறமா அது? மைனி சோப்பு போட்டுத் தேய்த்தாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையிலும் விரல் நுனிகள் சிவப்பாகவே இருந்தன. அந்த விரல்களோடுதான் வாளியை இறக்கினாள். கீழிருந்து பாத்துமாக்கா கத்தினார்: “ஏளா கிரேஸு, நீயும் வாளியில ஏறி உக்காரு, இறக்கிருதோம்! பால்வாடில ஒரே ஆட்டம் பாட்டம்!”

“கயிறு தாங்காதுக்கா, நான் கல்யாணத்துக்குப் பிறகு ரொம்பத் தின்னுட்டேன்!”

சந்தே சிரித்தது. வாளி கீழே போய்ச் சேர்ந்த பிறகும் மைனி வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “டப்பா வெளிய போகுதுல்லா, அது போதும்” என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

இந்த வருஷம் மழை முடிகிற சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டாள், சமைத்தாள், படுத்தாள். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தொட்டுப் பார்த்தபோது உடம்பு அடுப்பாகக் கொதித்தது. “அப்பாட்ட சொல்லுதேன் மைனி” என்று எழுந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கீழ ஆளு நிக்குல்லா? ராத்திரி ஆகட்டும், உங்கண்ணன் வந்துருவாங்க. சும்மா காய்ச்சல்தான்.”

மறுநாளும் அதையேதான் சொன்னாள். அதற்கு மறுநாள் இரவு அண்ணன் அவளை முதுகில் சுமந்து ஏணியில் இறக்கினான். டெங்கு என்றார்கள். முன்பே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார்களாம்.

அப்பா அழுதார். அதையும் எழுத வேண்டும். அடக்கம் முடிந்து வந்த அன்று அணைந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதார். சில நாளில் பட்டறை அடுப்பு மறுபடி எரிந்தது. ஆர்டர் நிற்கிறது, ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். மேலே மட்டும் துக்கம். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, நட்சத்திரம் கட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கீழே நாளெல்லாம் எண்ணெய் கொதிக்கிறது. அதன் புகை முழுவதும் எங்கள் அறைக்குத்தான் ஏறி வருகிறது.

போன வாரம் அப்பா என்னைக் கூப்பிட்டார். “கிறிஸ்மஸ் லீவு விட்டா அதோட போதும். ஒம்பதாங்கிளாஸ் வரைக்கும் படிச்சாச்சு. வீட்டுக்கு ஒரு பொம்பள வேணும்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் சத்தம் போடவில்லை. சாமுவின் தலையில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: “பால்வாடி விட்டு வந்தா இந்தப் பிள்ளைய யாரு பாப்பா? நீயே சொல்லு.”

அன்றிலிருந்து நான் ஓட்டையையும் ஏணியையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என் பள்ளிக்கு நேற்று லீவு விட்டாகிவிட்டது. இன்று காலையில் அடுப்பு எரிய ஆரம்பித்ததும், துணி காயப்போடக் கீழே இறங்கக் காலை வைத்தேன். “ஏ புள்ள!” என்று கீழிருந்து அப்பாவின் குரல். காலை மேலே எடுத்துவிட்டேன். மைனி இருந்தவரை அந்தக் குரல் என்னைப் பார்த்து வந்ததில்லை. கொடியில் அவள் சேலை இன்னும் கிடக்கிறது. அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து நான் அரிசி களைகிறேன். பகலில் எழுந்து நின்று நடந்தால் நாலு எட்டு வைப்பதற்குள் சுவர் வந்துவிடுகிறது. இத்தனை வருஷம் இதே அறையில்தான் இருந்தேன். இது இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் நான் மாவு அரைக்கும் சத்தம் கேட்டு அப்பா ஏணியில் பாதி ஏறி வந்தார்.

“என்னட்டி, இவ்வளவு மாவு?”

“இட்லிக்கு.”

“நமக்கு இந்த வருஷம் பலகாரம் கிடையாது. தெரியும்லா?”

“இட்லி பலகாரம் இல்லப்பா. எண்ணெய் வைக்கல.”

அவர் ஏணியில் நின்றபடியே பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த உங்கள் பிள்ளைகளின் டப்பாக்களைப் பார்த்தார். பிறகு, “உப்பு பாத்துப் போடு. அவ சரியாப் போடுவா” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இதை நீங்கள் கேட்கும்போது பிள்ளைகள் டப்பாவைத் திறந்திருப்பார்கள். தொப்பி இந்த வருஷமும் சிவப்புத்தான். என் விரல்களும் சிவந்திருக்கின்றன, நான் கழுவவில்லை. மைனியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது உடைந்த பிழிவில்லை, புனல், கயிறு, மாவு மாமாவின் தோளில் துண்டு போடும் விதம். உப்பின் அளவும் வைத்துக்கொள்வேன். வாஷிப் பாலத்துக் காற்றையும், நான் பார்க்காததுதான் என்றாலும், வைத்துக்கொள்வேன். “கேட்டாத்தான வேண்டாம்பாங்க” என்ற பேச்சை மட்டும் வைத்துக்கொள்ள மாட்டேன். அதை மைனியோடு அடக்கம் செய்துவிட்டேன். அது அவளை வாழவும் வைத்தது. காய்ச்சலோடு ஏணிக்கு மேலே உட்காரவும் வைத்தது.

அதனால் கேட்கிறேன். பால்வாடி விட்ட பிறகு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை சாமுவை உங்களில் யாராவது, நாளுக்கு ஒருவராகவாவது, வைத்துக்கொள்வீர்களா? பாத்துமாக்கா, நீங்கள் வாசிக்கும்போதே தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தலையாட்டினால் போதாது. அப்பா கேட்ட கேள்விக்கு அப்பாவிடமே பதில் சொல்ல வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போலப் பின்சந்துக்கு வந்து, அடுத்த முறைக்கென்று வெறும் டப்பாக்களை வாளியில் வைக்காதீர்கள். காலையில் டப்பாக்களை இறக்கியதோடு சரி, இன்று மறுபடி நான் கயிறு இறக்க மாட்டேன். எல்லோரும் சேர்ந்து முன்வாசலுக்கு வாருங்கள். அடுப்பு எரிகிற நேரத்திலேயே, ஆட்கள் நிற்கும்போதே வாருங்கள். பட்டறை வாசலில் நின்று, “ரூத்து, டப்பா!” என்று கூப்பிடுங்கள்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கூப்பிட்டால் ஏணியில் இறங்கி வருவேன்.